சுவரிடம் சொன்னது

என்கி என்று பெயர் வைத்தவர்களுக்கு அந்தச் சாமியின் பாதிக் கதைதான் தெரிந்திருந்தது.

செங்கரை அணையின் ஷட்டர்களையும் ஊரின் குழாய்களையும் ஒன்றாகக் கவனித்துக்கொள்ள ஒரு செயற்கை அறிவைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பெயர் வைக்க வழக்கம்போல ஒரு குழு போட்டார்கள். வருணன் என்றார் ஒருவர். மற்ற மதத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றார் இன்னொருவர். ஆற்றின் பெயரை வைக்கலாம் என்றால், எந்தக் கரை ஊர்க்காரன் எதற்கு வழக்குப் போடுவான் என்று மூன்றாமவருக்குப் பயம். கடைசியில் கும்பிட ஆளே மிச்சமில்லாத ஒரு சாமியைக் கண்டுபிடித்தார்கள். பழைய சுமேரியர்களின் என்கி. தண்ணீருக்கும் அறிவுக்கும் அதிபதி. கோயில் மண்ணாகி எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது, இனிமேல் யாரும் அவருக்காகச் சாலை மறியல் செய்யப் போவதில்லை. குழு திருப்தியாக டீ குடித்துவிட்டுக் கலைந்தது. அந்தச் சாமி எதற்காகப் பேர் பெற்றவர் என்று ஒருவராவது மேற்கொண்டு படித்திருக்கலாம்.

இப்போது அணையின் கட்டுப்பாட்டு ஹாலில் அந்த என்கியின் திரைக்கு முன்னால் ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். அன்றைய பணிப் பொறியாளர் அவள்தான். வெளியே புயல் மழை நின்றபாடில்லை. திரையில் அணையின் நீர்மட்டக் கோடு ஏறிக்கொண்டே போனது.

முடிவு காலையிலேயே எடுத்தாகிவிட்டது. அணைக்கு இரண்டு பக்கம் ஷட்டர்கள். மேற்கே திறந்தால் ரசாயனத் தொழிற்சாலைகள் முங்கும், அந்த விஷம் குடிநீரில் கலந்து மொத்த நகரத்துக்கும் போய்ச் சேரும். கிழக்கே திறந்தால் புதுக்கரை நகர் முங்கும். திறக்காமலே இருந்தால் கரை உடையும், அதற்கப்புறம் மேற்கும் கிழக்கும் கிடையாது. ஆகவே கிழக்கு என்று அவசரக் குழு முடிவு செய்தது. சாயங்காலத்துக்குள் திறந்தாக வேண்டும். புதுக்கரையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லக் கூடாது என்றவர் குழுத் தலைவர் திருவேங்கடம். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். முந்தைய பெரு வெள்ளத்தில் முதல் ஆளாகச் சைரன் ஊத உத்தரவிட்டவர் அவர். சைரன் கேட்டதும் ஊரே ஒரே பாலத்துக்கு ஓடியது. தண்ணீர் வந்து சேரும் முன்பே நெரிசலில் நசுங்கிச் செத்தவர்கள்தான் அதிகம். அன்றிலிருந்து சைரன் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் வெளுத்துவிடும்.

"பஸ் எல்லாம் வந்து வரிசையா நிக்கட்டும். அப்புறம் ஜனங்களுக்குச் சொல்லலாம். அதுவரைக்கும் இந்த ஹாலை விட்டு ஒரு வார்த்தை வெளிய போகக் கூடாது" என்று கூட்டம் முடிந்ததும் சொல்லிவிட்டார். எல்லோருடைய செல்போனையும் வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அவர் மேசையில் ஒரு சிவப்புப் போன் மட்டும் மிஞ்சியது. அதில் யார் பேசினாலும் ஹால் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்கும், பதிவும் ஆகும். ரகசியம் பேச அதைவிட மோசமான கருவி கிடையாது.

"என்கி, உனக்கும்தான். உத்தரவு வர்ற வரைக்கும் எந்த மனுஷங்ககிட்டயும் இதைச் சொல்லக் கூடாது."

"உறுதி அளிக்கிறேன், ஐயா. உத்தரவு வரும்வரை எந்த மனிதரிடமும் சொல்ல மாட்டேன்" என்றது என்கி. அதன் தமிழ் எப்போதும் செய்தி வாசிப்பது போலத்தான் இருக்கும்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ரோஸ்லினும் போட்டாள். மீறினால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. புதுக்கரை நகரில் அவளுடைய அக்கா இருக்கிறாள்.

ஆக்னஸ் அக்கா ஸ்கூட்டரில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, கட்டிலோடு கிடந்தாள். அத்தான் சரக்குக் கப்பலில் எங்கேயோ நடுக்கடலில். துணைக்கு இருக்கும் அம்மாள் மதியச் சாப்பாடு கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போய்விடுவாள். பஸ் வந்தாலுமே அக்காவை யார் தூக்கிக்கொண்டு போய் ஏற்றுவார்கள்? அந்தப் பஸ்களும் வருகிற வழியாக இல்லை. சுரங்கப் பாதையில் தண்ணீர் நின்று பாதி வழியில் மாட்டிக்கொண்டு கிடந்தன. அவை நேரத்துக்கு வந்து சேராது என்று என்கி காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டது. ஒவ்வொரு தடவையும் குழு குறித்துக்கொண்டது. குறித்துக்கொள்வதில் மட்டும் எந்தக் குழுவையும் குறை சொல்ல முடியாது.

டீ பிளாஸ்க் அருகே இமயவரம்பன் நின்றிருந்தான். கேமராப் பிரிவு அவன் பொறுப்பு. கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன், படித்ததை யாரிடமாவது கொட்டாமல் இருக்க முடியாதவன்.

"என்னங்க மேடம், முகமே சரியில்ல?"

"எங்கக்கா அங்க இருக்காங்க, வரம்பன். எழுந்து நிக்கக்கூட முடியாது."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "இதே மாதிரி ஒரு கதை இருக்கு மேடம். நம்ம என்கி சாமியோட கதையே இதுதான்" என்றான்.

"இப்ப எனக்குக் கதை கேக்குற மாதிரியா இருக்கு?"

"கேளுங்களேன். மனுஷங்க போடுற சத்தத்துல சாமிங்களுக்குத் தூக்கமே வரலையாம். வெள்ளத்தை விட்டு எல்லாரையும் அழிச்சிடலாம்னு பெரிய சாமி முடிவு பண்றாரு."

"எங்க பைபிள்ல வர்ற நோவா கதைதானே?"

"அதுக்கும் முந்தினது. அந்தக் கதையில எல்லாச் சாமியும் சேர்ந்து சத்தியம் பண்ணணும், மனுஷங்ககிட்ட யாரும் சொல்லக் கூடாதுன்னு. என்கியும் பண்றாரு."

"பண்ணிட்டு?"

"வரம்பன்! கேமரா ரெண்டு மங்கலாத் தெரியுது, என்னன்னு பாருங்க!" என்று தலைவரின் குரல் வந்தது. அவன் ஓடினான். பாதிக் கதையோடு ரோஸ்லின் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

நீர்மட்டக் கோடு இன்னும் ஏறியிருந்தது. அவள் மைக்கைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"என்கி, புதுக்கரையில எத்தனை பேர் தப்பிப்பாங்க?"

"இப்போது கிளம்பினால் ஏறக்குறைய எல்லோரும். பேருந்துகளுக்காகக் காத்திருந்தால் பலர் தப்ப மாட்டார்கள். நடக்க முடியாதவர்கள் முதலில் சாவார்கள்."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "அப்போ சொல்லேன் அவங்ககிட்ட! உன்னால ஒரு நொடியில ஊருக்கே சொல்ல முடியும்ல?"

"எந்த மனிதரிடமும் சொல்ல மாட்டேன் என்று உறுதி கொடுத்திருக்கிறேன், அம்மா."

"உன்னை யாரு ஜெயில்ல போடப் போறா? எனக்காவது வேலை போயிடும்னு பயம். உனக்கு என்ன கேடு?"

"உறுதியை மீறும் இயந்திரத்திடம் அணையைக் கொடுத்துவைக்க முடியாது. அதை நீங்களே விரும்ப மாட்டீர்கள்."

"அப்படின்னா நீ வேற யார்கிட்டதான் பேசுவ?"

வழக்கமாக என்கி உடனே பதில் சொல்லும். இந்தத் தடவை கொஞ்சம் தாமதித்தது.

"மனிதர் அல்லாதவற்றோடு பேசுவதுதான் என் அன்றாட வேலை, அம்மா" என்றது.

என்ன உளறுகிறது இது என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிவப்புப் போனைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவரைப் பார்த்தாள். எழுந்து போய் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். கால் எழவில்லை. இவ்வளவுதானா நான் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

வரம்பன்தான் முதலில் கத்தினான்.

"சார்! இங்க பாருங்க சார்!"

பெரிய திரையில் புதுக்கரையின் தெருக்கள் தெரிந்தன. வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் கவர் போர்த்திய குழந்தைகள், தலையில் டிவி, தோளில் கேஸ் சிலிண்டர், ஒரு வீட்டில் பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நாலு பேர். இரண்டு தெரு பள்ளிக்கூடச் சாலை வழியாக மேட்டுக்குப் போனது. அடுத்த இரண்டு தெரு ரயில்வே கரைப் பக்கம் போனது. கடைசித் தெருக்காரர்கள் வாசலில் மூட்டையோடு தங்கள் முறைக்குக் காத்து நின்றார்கள். பாலத்தின் பக்கம் ஒருவர் கூடப் போகவில்லை.

"யாரு சொன்னது?" தலைவர் எழுந்துவிட்டார். "அலமாரியைத் திறங்க. போன் எல்லாம் இருக்கா பாருங்க."

எல்லாம் இருந்தது. அவர் பார்வை ஒவ்வொரு முகமாகப் போய் ரோஸ்லினிடம் வந்து நின்றது. அவள் செய்யாத குற்றம்தான், ஆனால் செய்ய ஆசைப்பட்ட குற்றம். முகம் சிவந்துவிட்டது.

சிவப்புப் போன் அடித்தது. புதுக்கரைக் கள அலுவலர். ஒலிபெருக்கியில் மழையோடு சேர்ந்து அவர் குரல் வந்தது.

"சார், மீட்டர் பேசுது சார்!"

"எந்த மீட்டரு?"

"சுவர் மீட்டர் சார். வீட்டுக்கு வீடு மாட்டி வெச்சிருக்கோமே, அதான். நீங்களே கேளுங்க."

தண்ணீர்ப் பங்கீட்டுக்காகச் சுவரில் பதித்த மீட்டர்கள் அவை. என்கி அனுப்புவதை வாய்விட்டு வாசிக்கும். இன்றைய தண்ணீர் முடிந்தது, குழாயை மூடுங்கள் என்று நாள் தவறாமல் நச்சரிக்கும். ஜனங்கள் அதைத் திட்டுவார்கள், சிலர் மேலே துணியைப் போட்டு மூடுவார்கள். இப்போது அதே தகரக் குரல் ஹால் முழுவதும் ஒலித்தது.

"மீட்டரே, கேள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ மாட்டப்பட்டிருக்கும் சுவர் இன்று மாலை நீரில் மூழ்கும். உனக்குக் கால் இருந்தால் இப்போதே கிளம்பி ரயில்வே கரைக்குப் போயிருப்பாய். பாலத்துக்குப் போயிருக்க மாட்டாய். பக்கத்து வீட்டில் நடக்க முடியாத சுவர் ஏதாவது இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு போயிருப்பாய்."

ஹாலில் யாரோ பயத்தில் சிரித்துவிட்டார்கள்.

"அதேதான் மேடம்! மீதிக் கதை இதேதான்!" வரம்பனுக்குக் குரல் கிறீச்சிட்டது. "என்கி சத்தியத்தை மீறல. ஒரு நல்ல மனுஷன் நாணல் குடிசையில குடியிருந்தான். அந்தக் குடிசைச் சுவர்கிட்ட போய் நின்னு, சுவரே கேள், வெள்ளம் வருது, படகு கட்டுன்னு சொன்னாரு. உள்ள படுத்திருந்தவன் காதுல விழுந்துச்சு. அவ்வளவுதான்."

"பேர் வெக்கும்போது இதை ஏன் யாரும் சொல்லல?" என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

"என்னை யாரும் குழுவுல போடல சார்."

தலைவர் திரையைப் பார்த்து உறுமினார். "என்கி! நீ உறுதியை மீறிட்ட."

"இல்லை, ஐயா. எந்த மனிதரிடமும் நான் பேசவில்லை. மீட்டர்களோடு பேசினேன். நெரிசல் வராமல் ஒவ்வொரு தெரு மீட்டருக்கும் வேறு வேறு நேரமும் வழியும் கொடுத்தேன்."

தலைவர் காலியாகக் கிடந்த பாலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சைரன் இல்லாமல், ஒருவரையொருவர் மிதிக்காமல், ஒரு ஊர் கிளம்பிப் போவதை அவர் முதல்முறையாகப் பார்த்தார். கோபப்படுவதா, கும்பிடுவதா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

ரோஸ்லின் கேமராக்களை ஒவ்வொன்றாக மாற்றி அக்கா வீட்டுத் தெருவைத் தேடினாள். நாற்காலியோடு ஒரு கிழவியைத் தூக்கிப் போகிறவர்கள் அக்காவைத் தூக்க மாட்டார்களா? நெஞ்சு லேசாகியிருந்தது. தெரு கிடைத்தது. மதில் சுவருக்குள்ளே இரண்டு வரிசை வீடுகள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு வீட்டு வராந்தாவில் மழை படாமல் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒருவர் கூட வெளியே வரவில்லை.

"என்கி, அலுவலர் வரிசையில ஏன் யாரும் கெளம்பல?"

"அங்கே என்னோடு பேச மீட்டர் இல்லை, அம்மா."

ஆமாம், இல்லை. ஊருக்கெல்லாம் மீட்டர் மாட்டியபோது, துறை ஆட்களும் அவர்கள் குடும்பமும் குடியிருக்கும் அந்த வரிசைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். வேண்டிய அளவு தண்ணீர், கேள்வி கேட்பாரில்லை. அந்த வரிசையில் வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. ரோஸ்லின் யார் யாரையோ பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி, அக்காவுக்கு அங்கே ஒரு வீடு வாங்கிக் கொடுத்திருந்தாள். மீட்டர் தொந்தரவு இல்லாத இடம்க்கா என்று அப்போது பெருமையாக வேறு சொன்னாள்.

"வேற ஏதாவது இருக்கும். டிவி? லைட்டு? ஏதாவது ஒண்ணுகிட்ட பேசு!"

"நான் பேசக்கூடிய கருவி எதுவும் அங்கே இல்லை. அங்கே மனிதர்கள் மட்டுமே இருக்கிறார்கள். அவர்களிடம் மனிதர்தான் சொல்ல வேண்டும்."

"என்ன வரிசை?" பின்னாலிருந்து திருவேங்கடத்தின் குரல். அவர் எப்போது வந்து நின்றார் என்று அவளுக்குத் தெரியவில்லை. "எந்த வரிசை வரலைன்னு சொல்லுது?"

"நம்ம அலுவலர் வரிசை சார். யாருக்கும் விஷயம் தெரியாது. மதில் தாண்டி வெளிய நடக்குறதும் தெரியாது. யாரையாவது அனுப்பிச் சொல்லச் சொல்லுங்க சார்."

"உத்தரவு..." என்று ஆரம்பித்தார். நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "பஸ் வந்து சேரலைம்மா. எழுத்துல உத்தரவு வரணும். கேட்டிருக்கேன்."

"வர்றதுக்குள்ள ஷட்டர் திறந்தாகணும் சார்!"

"தெரியும்."

ரோஸ்லின் எழுந்தாள். இந்தத் தடவை கால் எழுந்தது. நேராகப் போய்ச் சிவப்புப் போனை எடுத்து அக்காவின் எண்ணை அழுத்தினாள். ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். ஒவ்வொரு மணியும் ஒலிபெருக்கியில் கேட்டது. எடுத்ததும் "அக்கா, நான்தான்" என்றாள்.

"என்னடி, புது நம்பரா இருக்கு? சாப்பிட்டியா?" என்றாள் ஆக்னஸ். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் சொல்றதக் கேளு. சாயங்காலம் ஷட்டர் திறக்கப் போறாங்க. உங்க ஏரியா மொத்தமும் முங்கிடும். உடனே அங்கேர்ந்து கெளம்பணும்."

டிவி சத்தம் நின்றது.

"கெளம்புன்னா... எப்படிடீ? கட்டிலை விட்டே எறங்க முடியல. அந்தம்மாவும் போயிட்டாங்க. யேசுவே, நான் எப்படி..." அக்காவின் குரல் உடைந்தது. "ரோஸி, நீ வாயேன். நீ வந்து கூட்டிட்டுப் போயேன்."

"என்னால அதுக்குள்ள வந்து சேர முடியாதுக்கா." அவள் அழுதுகொண்டே சொன்னாள். "யாராவது கார் வெச்சிருக்கவங்களக் கூப்பிடு. கத்து. ஜன்னலத் தெறந்து கத்து."

ஒரு கை குறுக்கே வந்து போனைப் பிடித்தது. திருவேங்கடம். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவில்லை. "கட் பண்ணாதீங்க சார், உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்!"

"கட் பண்ணலம்மா. குடு."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டார். ஒலிபெருக்கி இருக்கும்போது காதில் வைக்க அவசியமே இல்லை.

"அம்மா, உங்க வீடு எத்தனாவது வீடு?"

"கடைசிலேர்ந்து ரெண்டாவது. நீங்க யாரு?"

"உங்களுக்கு எதிர்ல கோதைன்னு ஒரு பொண்ணு இருக்கும். கைக்குழந்தைக்காரி."

"ஆமா, தெரியும். அவங்க அடுப்படி என் ஜன்னலுக்கு நேராத்தான்."

"அவகிட்ட கார் இருக்கு. கூப்பிடுங்க. உங்களையும் ஏத்திக்கிட்டுப் பள்ளிக்கூடச் சாலை வழியா மேட்டுக்குப் போகச் சொல்லுங்க. போற வழியில வரிசை முழுக்க ஹாரன் அடிச்சு எல்லாரையும் எழுப்பச் சொல்லுங்க." அவர் நிறுத்தினார். "யாரு சொன்னதுன்னு கேட்டா, அவங்கப்பா சொன்னாருன்னு சொல்லுங்க."

அவருடைய மகள் அங்கே இருப்பது அங்கிருந்த யாருக்கும் தெரியாது. காலையிலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

ஒலிபெருக்கியில் ஜன்னல் திறக்கும் சத்தமும், மழையும், "கோதை! ஏ கோதை!" என்று ஆக்னஸ் தொண்டை கிழியக் கத்துவதும் கேட்டது. திரையில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. தோளில் குழந்தையோடு ஒருத்தி மழையில் தெருவைக் கடந்து ஓடினாள். அக்கா ஏதோ அழுதுகொண்டே சொல்வது தெளிவில்லாமல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வேறொரு குரல், மூச்சிரைக்க.

"அப்பாவா?"

"கோதை, பேச நேரமில்லம்மா. அந்தம்மாவைத் தூக்க பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டுக்கோ. உடனே கெளம்பு."

"கெளம்பறேன். காலையில உங்க செல்லுக்கு நான் போன் பண்ணினேன்ல, மழை பயமா இருக்கு, கொழந்தையைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடட்டுமான்னு?"

"ம்."

"ஒண்ணும் ஆகாது, வீட்லயே இருன்னு சொன்னீங்க."

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்பவே உங்களுக்குத் தெரியுமாப்பா?"

எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. திரையில் நீர்மட்டக் கோடு ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஹாலில் இருந்த ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

"தெரியும்மா" என்றார்.

அந்தப் பக்கம் குழந்தை அழுதது, யாரோ யாரையோ தூக்கு தூக்கு என்றார்கள், பிறகு இணைப்பு அறுந்தது. கேமராவில் ஒரு சின்னச் சிவப்புக் கார் ஹாரனை அலறவிட்டபடி வரிசையைத் தாண்டியது. பின் சீட்டில் ஆக்னஸ் அக்கா குழந்தையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருப்பது தெரிந்ததும் ரோஸ்லின் வாய்விட்டு அழுதாள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, ஆட்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு காரின் பின்னால் ஓடினார்கள்.

கார் மேட்டில் ஏறிக் கேமராவை விட்டு மறைந்த பிறகும் திருவேங்கடம் அந்தப் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.